வெற்றிலை வாங்கிய கை

இது நடந்தது. ராத்திரியில் அல்ல, ஆனி மாதத்து உச்சி வெயிலில். குடித்தவனுக்கு அல்ல, கள்ளு வாடையே ஆகாத ஒருவனுக்கு. அவனுக்குக் காய்ச்சல் இல்லை. பசி இல்லை. முந்தின இரவு நல்ல தூக்கம். இவையெல்லாம் பாக்கியசீலன் பிற்பாடு தன்னைத்தானே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்ட கேள்விகள். எதையும் ஒரே தரம் பார்த்து நம்புகிற ஆள் இல்லை அவன். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பான். இழுத்துப் பார்த்தோமா என்று பாதி வழியில் யோசித்துத் திரும்பியும் வருவான். அப்படிப்பட்டவனாலேயே அன்றைக்குக் கண்டதைக் கனவு என்று தள்ள முடியவில்லை.

ஏனென்றால், செத்துக் கிடந்தவை இரண்டும் நிஜம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றாம் வருஷம் தை மாதம், ஏரலுக்கு அக்கரையில் ஆற்றை ஒட்டியிருந்த ஒரு கொடிக்காலை அவன் குத்தகைக்கு எடுத்தான். கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். வரிசை வரிசையாக அகத்தி மரங்கள். ஒவ்வொன்றிலும் வெற்றிலைக் கொடி சுற்றி ஏறி, தலைக்கு மேலே ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு நிற்கும். உள்ளே நுழைந்தால் பகலிலும் பச்சை இருட்டு. கால் வைத்தால் சில்லென்ற ஈரம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் யாரும் உள்ளே போவார்கள். கோவில் மாதிரி என்பார்கள். பாக்கியசீலன் வேதக்காரன், பாளையங்கோட்டை மிஷனில் படித்தவன். அவனும் கழற்றினான்.

கொடிக்காலோடு இரண்டு வேட்டை நாய்களும் வந்தன. ஒன்று செவலை, இன்னொன்று மயிலை. நிறமேதான் பேரும்.

கொடிக்காலின் சொந்தக்காரர் அப்பாத்துரை. மனைவியை இழந்தவர். தூத்துக்குடிக்குக் குடிபோகிற அன்று நாய்களின் கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டும் தங்கம், தம்பி. ஆனா கொடிக்காலுக்குள்ள வச்சு 'பிடி'ன்னு மட்டும் சொல்லிராதேயும். அதுக அந்தச் சொல்லுக்குப் பழகினது."

"கள்ளன் வந்தா ஏவுறதுக்கா?"

"கள்ளனுக்குத்தான் பழக்கினேன்." அவர் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எஞ் சாலோமிக்கும் அதே சொல்லாப் போச்சு."

பிறகு அவரே சொன்னார். ஏணியில் நின்று வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாராம். கீழே அவள். அவருக்குக் கை நிறைந்துவிட்டது.

"கொழுந்த நீட்டிக்கிட்டே 'பிடி'ன்னேன் வே. வேற ஒண்ணுஞ் சொல்லல. நான் ஏணிய விட்டு எறங்குறதுக்குள்ள..."

தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

கொடுக்கிறவன் சொல்வதும் அந்தச் சொல்தான், ஏவுகிறவன் சொல்வதும் அந்தச் சொல்தான். நாய்க்கு என்ன தெரியும்? இவ்வளவுக்குப் பிறகும் இவற்றை ஏன் உயிரோடு வைத்திருக்கிறீர்கள் என்று பாக்கியசீலன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "நாயி சொன்னதச் செஞ்சுது. சொன்ன நாக்கு இங்கல்லா இருக்கு" என்றார் அவர். இந்தப் பதிலை மட்டும் ஏரல் கடைத்தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லி இரங்கியது. தங்கமான மனிதர் என்றது.

அதனால் அந்தக் கொடிக்காலில் ஏணியில் நிற்பவர் வெற்றிலையை நீட்டும்போது 'வாங்கிக்கோ' என்றுதான் சொல்வார். வேலையாள் பூதத்தான் ஆழ்வார்குறிச்சிக்காரன், நடுவயதுக்காரன். அவனுக்கு அது நாக்கிலேயே ஏறிவிட்டது.

"வீட்டுலயும் அதே வாயில வருது அண்ணாச்சி. நேத்து எம் பொண்டாட்டிகிட்ட சொம்ப நீட்டி 'வாங்கிக்கோ'ன்னேன். அடிக்கத்தான் போறேன்னு நெனச்சு அவ அகப்பையத் தூக்கிட்டா."

ஆனி பிறந்தது. நெல்லையப்பர் தேர் பார்க்கப் பூதத்தானும் மற்ற வேலையாட்களும் திருநெல்வேலிக்கு வண்டி கட்டிப் போய்விட்டார்கள். மறுநாள் சரக்கு ஏற வேண்டும். கொஞ்சமாவது தானே கிள்ளிவிடலாம் என்று பாக்கியசீலன் தனியாகப் புறப்பட்டான்.

அவன் மனைவி யூனிஸுக்கு அப்போது ஏழு மாதம். தலைப்பிள்ளை. தூக்குச்சட்டியைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"மத்தியானம் சுடுசோறு கொண்டாரட்டா?"

"வேண்டாம். அங்கன மட்டும் வராத."

"எப்பக் கேட்டாலும் இதே பேச்சு. பொண்டாட்டிய விட நாயி பெருசாப் போச்சு ஒங்களுக்கு."

"அதுக ஒன்னைய அறியாது, ஏளா."

"வந்தாத்தான அறியும்?"

சாலோமியின் கதையை அவன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியிடம் எப்படிச் சொல்வது? அவளை அந்தக் கொடிக்கால் பக்கமே விடக்கூடாது என்பதை மட்டும் ஜெபம் மாதிரி தினமும் மனதுக்குள் சொல்லிக்கொள்வான். தெருமுனை வரை போனவன் திரும்பி வந்தான்.

"வரமாட்டேல்லா?"

"போங்க. இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு ஆத்தக் கடந்துட்டாலும்..."

ஆற்றில் இடுப்பளவு தண்ணீர். அக்கரையில் நாய்கள் இரண்டும் அவனைக் கண்டதும் தண்ணீருக்குள் பாய்ந்து வந்தன. மணலில் புரண்டன. ஒன்றையொன்று துரத்தி, அவன் வேட்டியை நனைத்து, கரையேறியதும் உடம்பை உதறி அவன்மேல் தெளித்தன. அவன் சிரித்தான். அந்த நாளின் காலை அவ்வளவு நல்ல காலை.

வரப்பில் ஒரு நரி நின்றது. ஒரு வாரமாகப் பக்கத்துக் கிடையில் ஆட்டுக்குட்டிகளைத் தின்று தீர்த்த நரி. கொடிக்காலுக்கு வெளியேதானே நிற்கிறோம் என்று பாக்கியசீலன் ஒரு தரம் யோசித்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"பிடி."

பேசிவைத்த மாதிரி இரண்டும் பிரிந்தன. செவலை பின்னால் போய்த் தொடையைக் கவ்வி இழுத்தது. நரி திரும்பிய அதே நொடியில் மயிலை தொண்டையில் விழுந்தது. ஒரு சத்தம்... பச்சை மட்டை முறிகிற மாதிரி. வரப்புப் புல் சிவந்தது. வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்த மயிலை, ரத்தம் வழிகிற மோவாயை அவன் புறங்காலில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

உள்ளே போனான். ஏணியை அகத்தியில் சாத்தினான். இடுப்பில் அகத்திக் கிளை கழிக்கிற வெட்டரிவாள். கட்டைவிரலில் கிள்ளுகிற இரும்பு நகம். நாய்கள் வாசலோரம் படுத்தன. வெளியே ஆனிக் காற்று பனைமரங்களைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே கிள்ளுகிற சத்தம் மட்டும். டிக்... டிக்... கிள்ளிய வெற்றிலையைத் தோளில் தொங்கிய ஓலைப்பெட்டியில் அடுக்கினான். பெட்டி நிறைந்தால் இறங்கிக் கொட்டிவிட்டு மறுபடி ஏறினான்.

நல்ல அமைதி. ஏரல் கரையிலிருந்து காற்றோடு கோயில் மணி கேட்டது. பன்னிரண்டு.

மணி ஓய்ந்ததும் காற்றும் ஓய்ந்தது. பனைகள் நின்றுவிட்டன. ஒரு தவிட்டுக் குருவி கூடக் கத்தவில்லை.

நாய்கள் எழுந்து நின்றன. குரைக்கவில்லை. இரண்டும் ஒரே பக்கமாகக் கொடிகளுக்குள் பார்த்தன. காதுகள் விறைத்திருந்தன. யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தன. பெருச்சாளியாக இருக்கும் என்று நினைத்தான் பாக்கியசீலன். பெருச்சாளிக்கு இவை இப்படி நிற்காதே என்றும் நினைத்தான். வேலையைத் தொடர்ந்தான்.

கை நிறைந்தது. பழக்கம். கண் கொடியில் இருக்க, இடக்கையால் கீழே நீட்டினான்.

"வாங்கிக்கோ."

வாங்கிக்கொண்டார்கள்.

மறுபடி கிள்ளினான். மறுபடி நீட்டினான். வாங்கிக்கொண்டார்கள். கண்ணாடி வளையல் உரசுகிற சத்தம் லேசாகக் கேட்டது. மூன்றாவது தரம் நீட்டியபோது விரல்கள் அவன் விரலில் பட்டன. குளிர்ந்த விரல்கள். ஆற்றுக்கு அடியில் கிடக்கிற கல்லைத் தொட்ட மாதிரி.

அப்போதுதான் நினைவு வந்தது.

எல்லோரும் தேருக்குப் போயிருக்கிறார்கள்.

அவன் உடனே குனிந்து பார்க்கவில்லை. ஏணியின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டான். நான்தான் கைதவறிப் போட்டிருப்பேன், விரலில் பட்டது ஈரக் கொடியாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தான். பிறகு குனிந்தான்.

இலைகளின் நடுவே ஒரு பெண்ணின் முழங்கை. பச்சைக் கண்டாங்கிச் சேலை. யூனிஸிடம் அதே மாதிரி ஒன்று உண்டு. வெற்றிலைகளை மார்போடு அணைத்திருந்தாள். அதற்குக் கீழே வயிறு மேடிட்டிருந்தது.

பயம் போய் அவனுக்குக் கோபம் வந்தது.

"ஏளா, வராதன்னு எத்தன தரம் சொன்னேன்?"

முகத்தைக் கொடி மறைத்திருந்தது.

"அசையாத. நாயி நிக்கி. பைய ஏணிகிட்ட வா."

அவள் அசையவில்லை. சேலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... ஆற்றைக் கடந்து வந்த ஈரம் என்று நினைத்தான்.

அப்போது அந்தக் குரல் கேட்டது.

ஆண் குரல். மேலேயிருந்து வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால், தரையில் நிற்கிறவனுடைய வாயிலிருந்து வந்தது. அவசரமே இல்லாத குரல்.

"பிடி."

நாய்கள் பாய்ந்தன.

"செவல! மயில! விடு... விடுலே!"

செவலை தொடையில். மயிலை தொண்டையில்.

அதே சத்தம். பச்சை மட்டை முறிகிற...

அவன் ஏணியிலிருந்து குதித்தான். முழங்கால் மடங்கி விழுந்தான். எழுந்தான். கையில் அரிவாள் எப்போது வந்தது என்று தெரியாது. சேலையும் மண்ணும் இலையும் நாய்களுமாக ஒரே சுருளாக உருண்டன. அவள் கத்தவில்லை. அதுதான் அவனை வெறியனாக்கியது. ஒரு சத்தம்கூட அவளிடமிருந்து வரவில்லை.

மயிலையின் முதுகில் வெட்டினான். எலும்பு அரிவாளைப் பிடித்துக்கொண்டது. காலால் உதைத்து இழுத்தான். மறுபடி வெட்டினான். தாடை விடவில்லை. கழுத்தில் வெட்டினான்.

செவலை திரும்பியது.

அவனைக் கடிக்கவில்லை. வெட்டு விழும்போதும் கடிக்கவில்லை. அவன் காலுக்கும் அந்தச் சேலைக்கும் நடுவே வந்து நின்று, உடம்பால் அவனைப் பின்னால் தள்ளியது. வெட்டினான். தள்ளியது. வெட்டினான். முன்னங்கால் மடிந்தது. மார்பால் தள்ளியது.

மூன்றாம் வெட்டுக்கு விழுந்தது.

மயிலைக்கு உயிர் இருந்தது. பின்பாதி இழுபட, முன்னங்கால்களால் ஊர்ந்து வந்தது. அவன் அரிவாளை ஓங்கினான்.

அது மோவாயை அவன் புறங்காலில் வைத்தது.

அப்படியே செத்தது.

"யூனிஸ்..."

குனிந்தான். மண்ணைத் தடவினான்.

அங்கே யாரும் இல்லை.

சேலை இல்லை. வளையல் துண்டு இல்லை. மூன்று கை வெற்றிலை மட்டும் சேற்றில் கிடந்தது. எடுத்துப் பார்த்தான். எல்லா இலைகளிலும் பல் பட்ட ஓட்டைகள்.

வெளியே பனைகள் மறுபடி ஆடத் தொடங்கின.

ஆற்றை எப்படிக் கடந்தான் என்று அவனுக்குத் தெரியாது. அரிவாளோடு ஏரல் தெருவில் ஓடினான். யூனிஸ் வீட்டு வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் கைநழுவியது.

"இது ஆரு ரத்தம்?"

அவன் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். கைகளைப் பார்த்தான். மறுபடி கழுத்தைப் பார்த்தான்.

"நீ வந்தியா?"

"எங்க?"

"பச்சச் சேல எங்க?"

"பெட்டிக்குள்ள கெடக்கு. என்னன்னு சொல்லுங்க..."

பெட்டியைத் திறந்து காட்டினாள். மடிப்புக் கலையாமல் இருந்தது. உலர்ந்திருந்தது. அவன் சுவரோரம் உட்கார்ந்து, அவள் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். பிள்ளை உள்ளே உதைத்தது.

மறுநாள் பூதத்தான் தேர் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தான். இருவருமாகக் கொடிக்காலுக்கு வெளியே வரப்பில் குழி தோண்டினார்கள். நாய்களுக்கு வெறி பிடித்துவிட்டது என்று மட்டும் பாக்கியசீலன் சொல்லியிருந்தான். பூதத்தான் வெட்டுக்காயங்களைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்தான்.

மண்ணைத் தள்ளும்போது பாக்கியசீலன்தான் பேச்செடுத்தான்.

"வே, சாலோமியம்மா சாகும்போது நீரு இங்கதான் இருந்தீரா?"

"இல்ல அண்ணாச்சி. அது மூணு வருசமாச்சே. அடக்கம் முடிஞ்சு மறுவாரந்தான் என்னையக் கூட்டியாந்தாவ. நாயி கடிச்சுச் செத்தாவன்னு சொன்னாவ. புள்ளத்தாச்சியாம், பாவம்."

"கிள்ளின வெத்தலய வாங்குறப்ப..."

"எந்த வெத்தல?"

"இந்தக் கொடிக்காலு வெத்தலதான்."

பூதத்தான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

"ஒங்ககிட்ட ஆரு சொன்னது? நான் வரும்போது இங்க ஒரு கொடி கெடையாது. வாழைய அழிச்சிட்டு அகத்தி வெதச்சிருந்தாவ. கொடி பூராவும் நான் நட்டதுல்லா. கிள்ளுறதுக்கு அப்புறம் ஒரு வருசமாச்சே."

ஒரு தரம் கேட்டது போதாது பாக்கியசீலனுக்கு. வேறு மாதிரி கேட்டான்.

"அப்ப ஏணி?"

"ஏணிய எதுல சாத்துறது அண்ணாச்சி? அகத்தி முழங்கால் ஒசரம் நிக்கி. ஓணான் ஏறினாலே சாஞ்சிரும்."

காற்று இரைந்தது. பாக்கியசீலன் குழியைப் பார்த்தான். பாதி மூடிய மண்ணுக்கு மேலே செவலையின் காது ஒன்று மட்டும் தெரிந்தது. பூதத்தான் அதன்மேல் ஒரு வெட்டு மண்ணைத் தள்ளினான். தள்ளிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னான்.

"அதெல்லாம் பழைய கத. அப்பாத்துரை அண்ணாச்சிக்கு இப்ப நல்ல காலம். பங்குனியில மறுகல்யாணம் முடிஞ்சுது. பாக்கியவதின்னு பேரு, சின்ன வயசுப் பொண்ணு. மாசமா இருக்காம். காவலுக்கு ரெண்டு குட்டி வேணும்னு எங்கிட்டத்தான் சொல்லி விட்டாவ. நல்ல சாதியாப் பாத்து நாந்தான் கொண்டு போய்க் கொடுத்தேன். ரெண்டும் கெட்டிக்காரக் குட்டி அண்ணாச்சி. இப்பவே சொல்லுக்குப் பழக்குதாவ."